தண்ணீர்ப்பந்தலில் ஒரு பூட்டு

(‘கூட்டுழைப்பில் ஏன் இத்தனை பகை?’ என்ற தலைப்பில் நடைபெற்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசிய இருவரும் கோயில் நிர்வாகத்தைப் பற்றியும் பொது இயக்கங்களைப் பற்றியும் பேசினார்கள். தேர்தல் சண்டை, கணக்கு வழக்குச் சண்டை, கடைசியில் நீதிமன்றம். நீங்களும் தலையை ஆட்டிக் கேட்டீர்கள். நன்றாகப் படித்தவர்கள், அதிலும் கணினித் துறையில் இருப்பவர்கள், இப்படியெல்லாம் அடித்துக்கொள்ள மாட்டார்கள் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. நான் பேச வந்தது அவர்களைப் பற்றித்தான்.

உலகம் முழுவதும் இருக்கும் நிரலாளர்கள், சிலர் சம்பளம் வாங்கிக்கொண்டும் சிலர் வாங்காமலும், சேர்ந்து எழுதும் மென்பொருள்கள் இருக்கின்றன. திறந்த மூல மென்பொருள் என்பார்கள். எழுதிய நிரலை ஒளித்து வைக்க மாட்டார்கள். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம், அதை வைத்துப் பணமும் சம்பாதிக்கலாம். உரிமத்தில் சொல்லியிருக்கும் நிபந்தனையை மதித்தால் போதும். உங்களிடம் ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசி இருந்தால் அதன் அடித்தளத்தில் இருப்பது லினக்ஸ். உலகத்தில் உள்ள இணையத்தளங்களில் பத்தில் நான்குக்கு மேல் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் இயங்குகின்றன. உங்கள் வட்டாரத்து டியூஷன் நிலையமோ, திருமண மண்டபமோ, பலகாரக் கடையோ இணையத்தளம் வைத்திருந்தால், அதுவும் வேர்ட்பிரஸ்ஸாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

நமக்குத் தெரிந்த ஒன்றோடு ஒப்பிட்டுச் சொல்கிறேன். தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு நடந்து போகும் வழியில் தண்ணீர்ப்பந்தல் போடுகிறோம். வருகிறவர் எல்லாருக்கும் மோர் உண்டு, சாப்பாடு உண்டு. குடித்தவர் நன்கொடை கொடுத்தாரா, முந்தின நாள் வந்து காய்கறி நறுக்கினாரா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் அதற்குப் பெயர் பந்தல் இல்லை, கடை. இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சொல்லின் கதையைச் சொல்கிறேன். 2001-ஆம் ஆண்டு ஜூன் மாதம், மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் தலைமை நிர்வாகியாக இருந்த ஸ்டீவ் பால்மர், ஒரு செய்தித்தாளுக்குக் கொடுத்த பேட்டியில் லினக்ஸை ‘புற்றுநோய்’ என்றார். திறந்த மூல உலகம் கொதித்தெழுந்தது. கொதித்தது நியாயமே. ஊர் கூடி இலவசமாகக் கட்டிய ஒன்றை, பணக்கார நிறுவனம் நோய் என்று சொன்னால் கோபம் வராதா? அந்தச் சொல்லைப் பல வருடங்கள் நினைவில் வைத்திருந்தார்கள், மேடைதோறும் சொல்லிக் காட்டினார்கள். 

இருபத்து மூன்று வருடம் கழித்து, 2024 செப்டம்பரில், அதே சொல் மறுபடியும் வந்தது. இந்த முறை சொன்னவர் மைக்ரோசாப்ட்காரர் அல்லர். வேர்ட்பிரஸ்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான மேட் முல்லன்வெக். தன் மென்பொருளை வைத்துத் தொழில் நடத்தும் டபிள்யூபி என்ஜின் என்ற நிறுவனத்தை, வேர்ட்பிரஸ்ஸுக்குப் பிடித்த புற்றுநோய் என்று எழுதினார். அடுத்த வருடமே, 2025-இல், லினக்ஸின் மையக்கருவைப் பராமரிக்கும் மூத்தவர் ஒருவர், ரஸ்ட் என்ற புதிய நிரல்மொழியை உள்ளே கலப்பதைப் பற்றிப் பேசும்போது அதே சொல்லை எடுத்தார். வெளியாள் சொன்னபோது அவதூறு என்றார்கள். உள்ளாள் சொன்னபோது, அதே கூட்டத்தில் பலர், அவர் எப்போதும் அப்படித்தான் வெளிப்படையாகப் பேசுவார் என்றார்கள். எனக்கு இந்த இரட்டை நாக்குதான் உறுத்துகிறது. 

வேர்ட்பிரஸ் சண்டையைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். 2003-இல் அமெரிக்கரான முல்லன்வெக்கும் இங்கிலாந்தைச் சேர்ந்த மைக் லிட்டிலும் வேர்ட்பிரஸ்ஸைத் தொடங்கினார்கள். ஆனால் வெறும் தரையில் கட்டவில்லை. மிஷேல் வால்ட்ரிகி என்பவர் எழுதிய பி2 என்ற மென்பொருள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. அதை எடுத்து, அதன்மேல் கட்டினார்கள். உரிமம் இடம் கொடுத்தது, எடுத்தார்கள். யாரும் அவர்களிடம் பங்கு கேட்கவில்லை. பந்தலில் குடித்துவிட்டுத்தான் அவர்களும் தங்கள் பந்தலைப் போட்டார்கள்.

2005-இல் முல்லன்வெக் ஆட்டோமேட்டிக் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். வேர்ட்பிரஸ் தளங்களுக்குச் சர்வரில் இடம் கொடுத்துக் கட்டணம் வாங்குவது அதன் தொழில்களில் ஒன்று. 2010-இல் தொடங்கப்பட்ட டபிள்யூபி என்ஜினும் அதே தொழில்தான் செய்கிறது. அதன் ஆரம்பகால முதலீட்டாளர்களில் ஆட்டோமேட்டிக்கும் ஒன்று என்பது சுவாரசியமான செய்தி. 2018-இல் சில்வர் லேக் என்ற பெரிய முதலீட்டு நிறுவனம் டபிள்யூபி என்ஜினில் 25 கோடி அமெரிக்க டாலர் போட்டது.

2024 செப்டம்பர் 20-ஆம் தேதி, அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் வேர்ட்பிரஸ் அன்பர்களின் ஆண்டு மாநாடு. டபிள்யூபி என்ஜின் அந்த மாநாட்டுக்கே நன்கொடை கொடுத்த நிறுவனம். அந்த மேடையிலேயே முல்லன்வெக் அதைச் சாடினார். அவர் கணக்குப்படி ஆட்டோமேட்டிக் வாரத்துக்கு 3,700 மணி நேரத்துக்கு மேல் பொது வேலைக்கு ஆள் கொடுக்கிறது. டபிள்யூபி என்ஜின் கொடுப்பது 50 மணி நேரம்கூட இல்லை. பெயரில் ‘டபிள்யூபி’ என்று இருப்பதால் என் தாயாரே அது அதிகாரபூர்வ நிறுவனம் என்று குழம்பிவிட்டார் என்றும் எழுதினார்.

அவர் முறையீட்டில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பந்தலில் நின்று பானை பானையாக எடுத்துப் போய், போத்தலில் அடைத்து விற்கிறவன், ஒரு நாளாவது விறகு சுமந்து போட வேண்டாமா? அது நன்றிகெட்டத்தனம்தான். நன்றிகெட்டத்தனத்தை மேடை ஏறிச் சொல்லலாம், பெயரைச் சொல்லியும் திட்டலாம்.

ஆனால் திட்டியதோடு நிற்கவில்லை. மாநாட்டுக்கு முன்பே, மாத மொத்த வருமானத்தில் 8 விழுக்காடு வேண்டும் என்று ஆட்டோமேட்டிக் கேட்டிருந்தது. பணமாகக் கொடுக்கலாம், அல்லது அதே மதிப்புக்கு ஆள்களைப் பொது வேலைக்கு விடலாம். எதற்காக? வர்த்தகச் சின்னத்துக்காகவாம். நிரலுக்கு விலை கேட்க முடியாது, உரிமம் தடுக்கிறது. பெயருக்குக் கேட்கலாம் அல்லவா? அந்தப் பெயரோ 2010-இல், பொது நன்மைக்காக என்று ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்ததாக ஊரறியச் சொல்லப்பட்ட பெயர். அதை வணிகத்துக்குப் பயன்படுத்தும் உரிமை மட்டும் ஆட்டோமேட்டிக்கிடமே இருந்தது. ‘டபிள்யூபி’ என்ற எழுத்துகளை யாரும் தங்கள் விருப்பப்படி பயன்படுத்தலாம் என்று அறக்கட்டளையின் விதிப் பக்கத்திலேயே எழுதியிருந்தது. சண்டை மூண்டபிறகு அந்த வரி திருத்தப்பட்டது. தாயார் குழம்பியதைச் சொன்னவர், தன் நிறுவனத்தின் வணிகத் தளமும் பொதுத் தளமும் ஒரே பெயரில், கடைசி எழுத்துகள் மட்டும் மாறி இருப்பதால் பல வருடமாகப் புதியவர்கள் குழம்புவதைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

செப்டம்பர் 25-ஆம் தேதி, டபிள்யூபி என்ஜினுக்குப் பொது சர்வர் மூடப்பட்டது. நேயர்களே, இங்கேதான் சண்டை இரண்டு முதலாளிகளைத் தாண்டி வந்துவிட்டது. அந்தச் சர்வரில் இருந்துதான் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். திருத்தம் வராத தளம் பூட்டில்லாத வீடு. டபிள்யூபி என்ஜினிடம் பணம் கட்டித் தளம் நடத்தும் கடைக்காரருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இந்தப் பஞ்சாயத்தில் என்ன பங்கு? கூச்சல் எழுந்ததும் சில நாள் தவணை கொடுத்தார்கள், அக்டோபர் 1-ஆம் தேதி மறுபடியும் மூடினார்கள். பொதுவுடைமை என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த அந்தத் தளம் அறக்கட்டளையின் சொத்து அல்ல, முல்லன்வெக்கின் சொந்தச் சொத்து என்ற செய்தி பலருக்கு அப்போதுதான் தெரிய வந்தது. தெரிந்தபோது நிறுவனத்தின் தலைவர், அறக்கட்டளையில் ஒருவர், சர்வரின் சொந்தக்காரர் என்று மூன்று நாற்காலியிலும் அவரே உட்கார்ந்திருந்தார்.

அக்டோபர் 2-ஆம் தேதி டபிள்யூபி என்ஜின் கலிபோர்னியா நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. முல்லன்வெக் தன் ஊழியர்களிடம், என்னோடு உடன்படாதவர்கள் 30,000 டாலரோ ஆறு மாதச் சம்பளமோ, எது அதிகமோ அதை வாங்கிக்கொண்டு போகலாம் என்றார். 159 பேர் போனார்கள். (நம் ஊரில் முரண்படுகிற ஊழியருக்கு இப்படிக் கொடுத்து அனுப்பும் முதலாளியை நான் இன்னும் பார்க்கவில்லை, அந்த மட்டில் அவரைப் பாராட்டலாம்.)

அடுத்த வாரம் நடந்தது இன்னும் விசித்திரம். பொதுத் தளத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு சிறு கட்டம் முளைத்தது. டபிள்யூபி என்ஜினோடு எனக்கு எந்த வகையிலும் தொடர்பு இல்லை என்று உறுதி கூறி அதில் குறி போட்டால்தான் உள்ளே போகலாம். வேர்ட்பிரஸ்ஸைத் தமிழில் பெயர்த்துக் கொடுக்கும் தொண்டர்கள் இருக்கிறார்கள். தமிழுக்கு ஒன்று, இலங்கைத் தமிழுக்குத் தனியாக ஒன்று என்று இரண்டு வடிவம் அங்கே உண்டு. ஒரு காசு வாங்காமல் ‘கடவுச்சொல்’ என்பதா ‘மறைச்சொல்’ என்பதா என்று உட்கார்ந்து யோசிக்கும் அந்தத் தொண்டர்களும் அதே வாசல் வழியாகத்தான் போக வேண்டும். இந்தக் கட்டத்துக்குப் பொருள் என்ன, என் வாடிக்கையாளர் அந்த நிறுவனத்தில் இருந்தால் அது தொடர்பா இல்லையா என்று உரையாடல் குழுவில் கேட்ட சிலர் அங்கிருந்து நீக்கப்பட்டார்கள்.

அக்டோபர் 12-ஆம் தேதி, டபிள்யூபி என்ஜின் பராமரித்துவந்த ‘அட்வான்ஸ்டு கஸ்டம் ஃபீல்ட்ஸ்’ என்ற கூடுதல் நிரல், பொதுத் தளத்தில் பெயர் மாற்றப்பட்டு எடுத்துக்கொள்ளப்பட்டது. இருபது லட்சத்துக்கு மேற்பட்ட தளங்களில் பயன்பட்ட நிரல் அது. பாதுகாப்புக் காரணம் என்றார்கள். நகல் எடுத்துத் தனிப் பெயரில் நடத்துவது திறந்த மூல உலகின் உரிமை. யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இது நகல் எடுத்தது அல்ல. அதே முகவரி, அதே பக்கம், பத்து வருடத்துக்கு மேல் மக்கள் எழுதிய பாராட்டுகள், எல்லாவற்றோடும் எடுத்துக்கொண்டார்கள். பக்கத்துக் கடைக்காரன் என் சமையல் குறிப்பைப் பார்த்துத் தானும் தோசைக்கடை போடுவது ஒன்று. இரவோடு இரவாக என் கடைப் பலகையை மாற்றிவிட்டு என் கல்லாவில் உட்கார்வது வேறொன்று.

2024 டிசம்பர் 10-ஆம் தேதி நீதிபதி இடைக்கால உத்தரவு போட்டார். மூடிய சர்வரைத் திறக்க வேண்டும், எடுத்த நிரலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அந்தக் கட்டத்தை நீக்க வேண்டும். கொடுத்தார்கள். பிறகு 2025 ஜனவரியில், டபிள்யூபி என்ஜின் எவ்வளவு மணி நேரம் தருகிறதோ அந்த அளவுக்கே நாங்களும் தருவோம் என்று ஆட்டோமேட்டிக் அறிவித்தது. ஆயிரக்கணக்கான மணி நேரத்திலிருந்து வாரத்துக்கு 45 மணி நேரம்! எதைச் செய்ததற்காக அடுத்தவனைப் புற்றுநோய் என்றார்களோ, அதையே அளந்து பார்த்துச் செய்தார்கள். மே மாதக் கடைசியில் மறுபடியும் முழு வேலைக்குத் திரும்பினார்கள்.

இங்கே ஒரு கேள்வி வரலாம். திறந்த மூல உலகத்தில் சண்டையே கூடாதா? நான் அப்படிச் சொல்லவில்லை. பகையாகவே வளர்ந்தும் உருப்படியாக முடிந்த சண்டை ஒன்று லினக்ஸ் உலகத்தில் நடந்திருக்கிறது. அதிலும் போலித்தனம் நிறையவே இருந்தது.

லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், 2002-இல், உலகம் முழுவதிலிருந்து வரும் நிரல் திருத்தங்களைக் கோர்ப்பதற்கு பிட்கீப்பர் என்ற கருவியைப் பயன்படுத்தத் தொடங்கினார். அது லாரி மெக்வாய் என்பவரின் நிறுவனத்துடைய பூட்டிய மென்பொருள். இலவசமாகக் கொடுத்தார்கள், ஒரு நிபந்தனையோடு. இதைப் பயன்படுத்துகிறவர்கள் இதற்குப் போட்டியான கருவி எதையும் உருவாக்கக்கூடாது. உலகத்துக்கே சுதந்திரத்தைப் போதித்த கூட்டம், தன் வீட்டுச் சாவியை அடுத்தவரிடம் கொடுத்தது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் ரிச்சர்ட் ஸ்டால்மன் போன்றவர்கள் கண்டித்தார்கள். டோர்வால்ட்ஸ், எனக்கு வேலை நடக்க வேண்டும், இதைவிட நல்ல கருவி இருந்தால் கொண்டு வாருங்கள் என்ற போக்கில் இருந்தார். கண்டித்தவர்கள் பலர், அவருக்கு ஒத்துவரும் கருவியைக் கொண்டு வந்தவர் இல்லை. வசை மட்டும் மூன்று வருடம் ஓடியது.

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், சாம்பா என்ற மென்பொருளை எழுதியவர், பிட்கீப்பர் சர்வரோடு பேசக்கூடிய இலவசக் கருவி ஒன்றை எழுத முயன்றார். மெக்வாய் கோபப்பட்டு, 2005 ஏப்ரலில் இலவசப் பயன்பாட்டை நிறுத்தினார். டோர்வால்ட்ஸ் யாரைத் திட்டினார் தெரியுமா? கதவைச் சாத்திய முதலாளியை அல்ல, டிரிட்ஜெல்லை! பதிலுக்கு டிரிட்ஜெல் கான்பெராவில் நடந்த மாநாட்டு மேடையில் தன் ‘மாபெரும் களவை’ச் செய்து காட்டினார். சர்வரோடு இணைந்தார், ‘உதவி’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைத் தட்டினார். சர்வரே தன் கட்டளைகளையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டது. அரங்கம் சிரித்தது.

இவ்வளவு இருந்தும் டோர்வால்ட்ஸ் எந்த வாசலிலும் கட்டம் போட்டு உறுதிமொழி வாங்கவில்லை. உட்கார்ந்து சொந்தமாக ஒரு கருவி எழுதினார். ஏப்ரல் முதல் வாரத்தில் தொடங்கி, சில நாள்களில் அது தன் நிரலைத் தானே சுமக்கும் நிலைக்கு வந்தது. ஜூன் மாதம் வெளிவந்த லினக்ஸ் அதை வைத்துத்தான் வெளியிடப்பட்டது. கிட் என்று பெயர். கணினி படிக்கும் உங்கள் பிள்ளையைக் கேளுங்கள், முதல் வருடத்திலேயே அதன் பெயரைக் கேட்டிருப்பான். மைக்ரோசாப்ட் 2018-இல் 750 கோடி டாலருக்கு வாங்கிய கிட்ஹப், இந்தக் கருவியின்மேல் கட்டப்பட்டதுதான். பிட்கீப்பரும் 2016-இல் திறந்த மூலமாகிவிட்டது. 

டோர்வால்ட்ஸ் அதற்காகப் புனிதர் ஆகிவிடவில்லை. பல வருடம் தன்னோடு வேலை செய்கிறவர்களைப் பொது இடத்தில் அவர் திட்டிய திட்டு, வீட்டில் இருந்து பார்க்கும் குழந்தைகள் கேட்கக்கூடாதவை. அதை நேர்மை என்றும் தரக்கட்டுப்பாடு என்றும் ஆதரித்துப் பேச ஒரு பெரும் பட்டாளமே இருந்தது. 2018 செப்டம்பரில் அவரே, என் நடத்தை சரியில்லை, மற்றவர்களின் உணர்வைப் புரிந்துகொள்ள உதவி தேடப் போகிறேன் என்று மன்னிப்புக் கேட்டு விலகினார். அக்டோபரில் திரும்பி வந்தார். அவர் மன்னிப்புக் கேட்டது கேட்டதுதான். அதுவரை அந்த வசைக்குத் தத்துவம் எழுதிக் கொடுத்தவர்களில் எத்தனை பேர் மன்னிப்புக் கேட்டார்கள்?

இரண்டு சண்டைக்கும் வேறுபாடு எங்கே இருக்கிறது என்று பார்த்தால், மனிதர்களின் குணத்தில் இல்லை. இருவருமே பிடிவாதக்காரர்கள். லினக்ஸின் மூலப் பிரதி, பிட்கீப்பர் போனபிறகும், எல்லாருடைய கணினியிலும் இருந்தது. கருவிதான் போனது, பந்தல் போகவில்லை. வேர்ட்பிரஸ்ஸிலும் நிரல் எல்லாரிடமும் இருந்தது. ஆனால் பெயரும், முகவரியும், திருத்தம் வரும் குழாயும் ஒரே ஆளின் கையில் இருந்தன. உரிமத்தில் நிரலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறது, குழாயைப் பற்றி ஒரு வரி கிடையாது. வாதி, பிரதிவாதி, பந்தல் நிர்வாகி எல்லாம் ஒருவரே என்றால் விதியை இராத்திரியில் மாற்றலாம், காலையில் அறிவிக்கலாம்.

இதை ஏன் இந்த நேயர்களிடம் சொல்கிறேன் என்றால், நம் பிள்ளைகள் அங்கே போகிறார்கள். கல்லூரியில் விரிவுரையாளர் சொல்கிறார், திறந்த மூலத் திட்டத்தில் பங்கெடு, வேலைக்கு மனு போடும்போது உதவும் என்று. நல்ல யோசனைதான். பிள்ளை இராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து எழுதிக் கொடுக்கிறான். அவன் பேரில் அங்கே இருப்பது ஒரு கணக்கு, அதில் அவன் செய்த வேலையின் வரலாறு. 2025 ஜனவரியில், மாற்று ஏற்பாடு பற்றிப் பேசிய சில மூத்த பங்களிப்பாளர்களின் கணக்குகள் வேர்ட்பிரஸ் தளத்தில் முடக்கப்பட்டன. வருடக்கணக்கில் உழைத்தவர்கள் அவர்கள். மூத்தவர்களுக்கே அந்தக் கதி என்றால், கிள்ளானிலிருந்தோ தைப்பிங்கிலிருந்தோ எழுதும் நம் பிள்ளை யாரிடம் போய் முறையிடுவான்? சேரும் முன்பே பெயர் யார் பேரில் பதிவாகியிருக்கிறது, சர்வருக்கு யார் பணம் கட்டுகிறார், ஒருவரை நீக்க எத்தனை பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்று விசாரிக்கச் சொல்லுங்கள். நம் ஊர்ச் சங்கங்களில்கூட இதற்கெல்லாம் சட்டவிதி உண்டு, பதிவிலாகாவில் போய்ப் பார்க்கலாம்.

நெறியாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். அந்தக் கட்டத்தின் கதையைச் சொல்லிவிட்டு அமர்கிறேன். நீதிமன்றம் நீக்கச் சொன்னதும் உறுதிமொழியை எடுத்துவிட்டார்கள். ஆனால் கட்டத்தை எடுக்கவில்லை. அதே இடத்தில் புதிய வாசகம் ஒன்று வந்தது. பீட்சாவின்மேல் அன்னாசிப்பழம் போட்டால் சுவையாக இருக்கும் என்று ஒப்புக்கொண்டு குறி போட்டால்தான் உள்ளே போக முடிந்தது. வேடிக்கைக்காகச் செய்தார்களாம். வழக்கு 2025-லும் முடியவில்லை.